பிரிக்பீல்ட்ஸில் மட்டும் ஒழுகும் எஞ்சின்

மொத்தம் நாற்பது விநாடிதான் அந்த வீடியோ. வெள்ளை டைல்ஸ் போட்ட கார் போர்ச்சில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அதன் எஞ்சினுக்குக் கீழே கறுப்பாக ஓர் எண்ணெய்க் குட்டை. படம் பிடித்தவரின் குரல் பின்னாலிருந்து வருகிறது. "இதுதான் கிள்ளான் புனிதா செய்து தந்த எஞ்சின். மூண்டாந்தரமும் ஒழுகுது. எல்லாரும் வடிவாப் பாருங்கோ."

அவ்வளவுதான் பேச்சு. பழைய பைக் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அதைப் போட்டுவிட்டு அந்த மனிதர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். குரூப்பில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். காஜாங்கிலிருந்து ஈப்போ வரைக்கும் ஆள் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் புனிதாவின் மானம் கப்பலேறிவிட்டது.

"பொம்பள கையில எஞ்சினக் குடுத்தா அது அழத்தான் செய்யும்" என்று ஒருவன். "நல்லெண்ண ஊத்திட்டாங்களா, கடலெண்ணயா?" என்று இன்னொருவன். அதற்குக் கீழே வரிசையாக, கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகங்கள். அந்தக் குரூப்பிலேயே பத்துப் பேராவது புனிதாவிடம் எஞ்சின் கட்டி, இன்றைக்கும் ஒரு சொட்டு ஒழுகாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களாவது வாயைத் திறந்தார்களா? திறக்கவில்லை. அதில் ஒரு பாவி மஞ்சள் முகம் வேறு போட்டிருந்தான்.

கிள்ளானில், மேரு ரோட்டிலிருந்த தன் வொர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து புனிதா அந்த வீடியோவைப் பதினோரு தடவை பார்த்தாள். பதினேழு வருடமாகப் பழைய எஞ்சின்களோடு மல்லுக்கட்டுகிறவள். ஆரம்பத்தில் வாசலில் வந்து நின்று, "மெக்கானிக் இல்லையாம்மா?" என்று அவளிடமே கேட்டவர்கள் எத்தனை பேர்! அத்தனை பேர் வாயையும் வேலையால்தான் அடைத்திருந்தாள். அந்தப் பதினேழு வருடத்தை ஒரு கிழவர் நாற்பது விநாடியில் துடைத்துப் போட்டுவிட்டார்.

மறுநாளே பலன் தெரிந்தது. இரண்டு பேர் வந்தார்கள். "அவசரம் இல்ல சிஸ்டர், அப்புறமா கொண்டாரேன்" என்று சொல்லி, பாதி பிரித்துக் கிடந்த எஞ்சின்களை அட்டைப் பெட்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒருவனுக்கும் தைரியமில்லை. இன்னும் இரண்டு மாதம் இப்படியே போனால் வொர்க்‌ஷாப்பில் ஈ ஓட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"விடு லா, வயசான மனுசன்கிட்டப் போயி என்னா சண்ட?" என்றான் அவள் கணவன் சுகுமாறன். போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறவன், எதையும் விட்டுவிடச் சொல்கிற குணம்.

"உன் லோரிய ஒருத்தன் படம் புடிச்சி, இவன் குடிச்சிட்டு ஓட்டுறான்னு முந்நூறு பேருக்கு அனுப்பட்டும். அப்ப நீ விடு. நானும் விடுறேன்."

சுகுமாறன் லோரிச் சாவியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

விஷயம் இதுதான். தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் வீரசிங்கம் என்று ஒருவர். யாழ்ப்பாணத்து வம்சம், அரசாங்கத்தில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஐம்பத்தாறாம் வருடத்து இங்கிலீஷ் பைக் ஒன்று இருந்தது. ஒற்றை சிலிண்டர். மூட்டை மூட்டையாகப் பாகங்களாக வந்து சேர்ந்த எஞ்சினை நான்கு மாதம் உயிரைக் கொடுத்துக் கட்டினாள் புனிதா. தைப்பூசம் கழிந்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்தாள். மூன்றே வாரத்தில் போன் வந்தது. "பிள்ளை, எண்ணெய் ஒழுகுது."

எடுத்து வந்தாள். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சோப்புத் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் அவள் எந்த வண்டியிலும் ஸ்பேனர் வைப்பாள். அழுக்கோடு எஞ்சினைத் திறப்பது அவளுக்கு ஆகாது. அலசி, காயவைத்து, எண்ணெய் கசியாமலிருக்க மூடிகளுக்கு நடுவே வைக்கும் காஸ்கெட்டெல்லாம் புதிதாக மாற்றி, பக்கத்து ஊர் காப்பார் வரைக்கும் ஓட்டிப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. கொண்டுபோய்க் கொடுத்தாள். மூன்று வாரத்தில் மறுபடியும் ஒழுகியது. மறுபடியும் எடுத்து வந்து, அலசி, ஆயில் சீல்களையும் மாற்றி, இந்தத் தடவை ஒரு வாரம் தன் வொர்க்‌ஷாப்பிலேயே வைத்துத் தினமும் ஓட்டினாள். அடியில் வெள்ளைக் காகிதம் விரித்து வைத்தாள். காகிதம் வெள்ளையாகவே இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்த மூன்றாவது வாரம், இதோ இந்த வீடியோ.

கிள்ளானில் ஒழுகாத எஞ்சின் பிரிக்பீல்ட்ஸில் மட்டும் ஏன் ஒழுகுகிறது? பைக்குக்கு ஊர் பிடிக்கவில்லையா? இரண்டு ராத்திரி தூங்காமல் இதையே யோசித்தாள். வண்டியை மூன்றாவது தடவையும் எடுத்து வந்தால் அது இங்கே நல்ல பிள்ளையாக நிற்கும், அங்கே போனதும் ஒழுகும், பழி இவள் தலையில் விழும். எங்கே ஒழுகுகிறதோ அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும். சனிக்கிழமை காலை கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினாள். கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்தபோது, அந்த மனிதர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டியதையெல்லாம் மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தாள்.

வீரசிங்கம் கேட்டைத் திறக்கும்போதே வாத்தியார் மாதிரிதான் நின்றார். வெள்ளை பனியன், நெற்றியில் மூன்று பட்டை விபூதி.

"வாரும். இனி என்னத்தை மாத்தப் போறீர்?"

"ஒண்ணும் மாத்த வரல அங்கிள். எங்கேருந்து ஒழுகுதுன்னு பாக்க வந்திருக்கேன். அத எனக்குப் போன்ல சொல்லியிருக்கலாம். முந்நூறு பேருக்குச் சொன்னீங்க."

"உள்ளதைத்தானே சொன்னனான். பொய்யே?"

"எஞ்சின் ஒழுகுதுங்கிறது உள்ளது. நான் செஞ்ச தப்புங்கிறதுக்கு என்னா சாட்சி?"

"பிள்ளை, முப்பத்தாறு வருசம் நான் எத்தினையோ கொன்ட்ராக்டரைப் பாத்திட்டன். பிழை விட்டவன் எல்லாரும் இப்பிடித்தான் கதைப்பான்."

புனிதாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. பதில் சொன்னால் வாய்ச்சண்டையாகி, எஞ்சினைத் தொடாமலேயே திரும்ப வேண்டியிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு போர்ச்சுக்குப் போனாள்.

பைக் பளபளவென்று நின்றது. அடியில் பழைய தினசரித் தாள்கள், அதில் எண்ணெய். எஞ்சினின் வெளிப்புறத்தைத் துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்துக் காயவைத்தாள். பிறகு பையிலிருந்து குழந்தைப் பவுடர் டப்பாவை எடுத்து எஞ்சின் முழுக்கத் தூவினாள். வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது.

"என்ன, எஞ்சினுக்கு முகப்பூச்சோ?" என்றார் வீரசிங்கம்.

"எண்ணெ எந்த இடத்துல மொதல்ல வருதோ, அங்க பவுடர் கறுக்கும் அங்கிள். ஸ்டார்ட் பண்ணி ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. பத்து நிமிசம் போதும்."

போனார். திரும்பி வந்தார். புனிதா குனிந்து பார்த்தாள். ஓர் இடத்தில் கறுப்பு இருக்கும் என்று எதிர்பார்த்தவளுக்குத் தலை சுற்றியது. பக்க மூடியில் கறுப்பு. அடியில் கறுப்பு. சிலிண்டர் உட்காரும் இடத்தில் கறுப்பு. பின்பக்கச் சீலில் கறுப்பு. எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில்.

"பாத்தீரோ? ஒரு இடமில்லை, முழுக்கப் பிழை" என்று சொல்லும்போதே வீரசிங்கத்தின் போன் அடித்தது. யாரோ சொந்தக்காரர் பினாங்கிலிருந்து. பேசிக்கொண்டே அவர் உள்ளே போய்விட்டார்.

புனிதா தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான்கு இடம் ஒரே நேரத்தில் ஒழுகுகிறது. நான்கு காஸ்கெட்டும் ஒரே நாளில் சொல்லிவைத்துக்கொண்டு கெட்டுப்போகுமா? போகாது. அப்படியென்றால் காஸ்கெட்டில் குறையே இல்லை. உள்ளேயிருந்து ஏதோ பிடித்துத் தள்ளுகிறது. உள்ளே காற்று அடைபட்டு, போக வழியில்லாமல், எண்ணெயை இடுக்கு இடுக்காகப் பிதுக்கி வெளியே தள்ளுகிறது.

சட்டென்று எழுந்தாள். இந்தப் பழைய வண்டிகளில் எண்ணெய் எஞ்சின் வயிற்றில் தங்குவதில்லை. சீட்டுக்குக் கீழே தனியாக ஓர் எண்ணெய் டேங்க். பம்ப் அங்கிருந்து எண்ணெயை இழுத்து எஞ்சினுக்குக் கொடுக்கும், மிச்சத்தைத் திரும்ப டேங்குக்கே தள்ளும். திரும்பும்போது எஞ்சினுக்குள் இருக்கும் காற்றும் கூடவே வரும். அந்தக் காற்று வெளியேறுவதற்கு இந்த வண்டியில் டேங்க் மூடியின் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. புனிதா மூடியைப் பிடித்து மெதுவாகத் திருகினாள்.

புஸ்ஸென்று காற்று சீறிக்கொண்டு வந்தது.

"ஐயோ!" என்று வாய்விட்டே கத்திவிட்டாள்.

மூடியின் மேல்பக்கத்தை உற்றுப் பார்த்தாள். நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சந்தனப் பொட்டு. அதன்மேல் குங்குமம். ஒரு நாள் வைத்த பொட்டு இல்லை அது. ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று நான்கு தடவை அப்பி, எஞ்சின் சூட்டில் காய்ந்து, எண்ணெய் ஊறி, சிமெண்டு மாதிரி இறுகியிருந்தது. துளை இருந்த சுவடே தெரியவில்லை. சின்ன ஸ்க்ரூடிரைவரின் முனையால் நெம்பினாள். ஒரே வில்லையாகப் பெயர்ந்து வந்தது. துளைக்குள்ளே போயிருந்த சந்தனம் ஆணி மாதிரி அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தன்மேலேயே கோபமும் வந்தது. பொட்டு வைக்காத நம்மவர் வண்டி ஏது? இரண்டு தடவை அந்த வண்டி வொர்க்‌ஷாப்புக்கு வந்தபோதும் சந்தனத்தோடுதான் வந்தது. அவளும் அதைப் பார்த்தும் பார்க்காமல் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சோப்புத் தண்ணீரில் அலசிவிட்டிருக்கிறாள். துளை திறந்துகொண்டது. அதனால்தான் கிள்ளானில் ஒழுகவில்லை. வீட்டுக்குப் போய் மூன்று வெள்ளிக்கிழமை கழிந்ததும் துளை அடைத்துக்கொண்டது. தன் கையாலேயே காரணத்தைக் கழுவி ஊற்றிவிட்டு, காரணத்தைத் தேடி ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறாள்!

"தேத்தண்ணி குடியுங்கோ பிள்ளை." வீரசிங்கத்தின் மனைவி கௌசலா தட்டோடு வந்து நின்றார். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். "ஏன் கத்தினனீங்கள்? கையிலை பட்டுட்டுதோ?"

"இல்ல ஆன்டி. இந்தச் சந்தனம் நீங்க வெக்கிறதா?"

"ஐயோ, நான் தொடுறேல்லை! கிட்டப் போகவும் விடமாட்டார், கீறல் விழுமெண்டு சொல்லுவார். வெள்ளிக்கிழமையெண்டால் விடியக் குளிச்சுப்போட்டு வந்து தானே வைப்பார். லைட்டிலை ஒண்டு, நம்பர் தகட்டிலை ஒண்டு, உந்த மூடியிலை ஒண்டு. வட்டமா நல்ல வாய்ப்பா இருக்காம்."

"பழசத் துடைக்க மாட்டாரா?"

"சாமிக்கெண்டு வைச்சதைத் துடைக்கப்படாதாம்."

புனிதா சிரித்துவிட்டாள். எத்தனை நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு! மூடியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து மாட்டினாள். எஞ்சினைத் துடைத்து மறுபடியும் பவுடர் தூவி, ஸ்டார்ட் செய்து, தானே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தாள். பவுடர் வெள்ளையாகவே இருந்தது. இன்னொரு சுற்று ஓட்டினாள். அப்போதும் வெள்ளை.

சத்தம் கேட்டு வீரசிங்கம் வெளியே வந்தார். புனிதா ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். காய்ந்த சந்தன வில்லையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு அதைப் பார்த்தார். எஞ்சினைப் பார்த்தார். டேங்க் மூடியைப் பார்த்தார்.

"சரி, விடும். இப்ப திருந்தியிட்டுதுதானே."

"விடுறதா? நல்லாருக்கே நியாயம்! முந்நூறு பேர்கிட்ட என் வேல சரியில்லன்னு சொன்னீங்க. எஞ்சினப் பிரிச்சது பிரிச்சபடி தூக்கிட்டுப் போயிட்டானுங்க அங்கிள். என் சோத்துல கை வெச்சிட்டீங்க. அதே குரூப்ல, அதே வாயால, தப்பு புனிதாவோடது இல்லன்னு சொல்லுங்க. இப்பவே, என் முன்னால."

"அதுக்கென்ன, சொல்லுறன். நான் நியாயம் தெரியாதவனில்லை."

போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, மேடையில் பேசுகிற குரலில் பேசினார். "எல்லாருக்கும் வணக்கம். வீரசிங்கம் கதைக்கிறன். என்ரை பைக்கில எண்ணெய் ஒழுகின காரணம் பிடிபட்டுட்டுது. எங்கட வீட்டு மனுசி தெரியாத்தனமா எண்ணெய் டேங்க் மூடியிலை சந்தனத்தை அப்பி, ஓட்டையை அடைச்சுப்போட்டா. பொம்பிளையளுக்கு உதெங்க தெரியப்போகுது? கிள்ளான் புனிதாவின்ரை வேலையிலை பிழை இல்லை. நன்றி."

அனுப்பிவிட்டுப் போனை இடுப்பில் சொருகினார். "சரிதானே? திருப்தியோ?"

பையிலிருந்த அவள் போன் துடிக்க ஆரம்பித்தது. எடுத்துப் பார்த்தாள். "சாரி சிஸ்டர்" என்று ஒருவன். "திங்கக்கெழம எஞ்சின் கொண்டாரேன்" என்று அட்டைப் பெட்டிக்காரன். குரூப்பில் மஞ்சள் முகங்கள் மறுபடியும் சிரித்துப் புரண்டுகொண்டிருந்தன. "சந்தனம் வெச்ச ஆன்டிக்கு ஒரு மாலை போடுங்கப்பா" என்று ஒருவன். "அடுத்த வாரம் பெட்ரோல்ல பால் ஊத்துவாங்க" என்று இன்னொருவன். அதே ஆட்கள்தான். சிரிப்புக்கு ஆளானவர் மட்டும் மாறியிருந்தார்.

கௌசலா தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி அங்கேயேதான் நின்றிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது.

"ஆன்டி..." என்றாள் புனிதா.

"பரவாயில்லைப் பிள்ளை. உங்கட வேலையிலை பிழையில்லை எண்டு சொல்லியாச்சுத்தானே. அது காணும். எனக்கு இதொண்டும் புதுசில்லை, நாப்பத்திரண்டு வருசம்."

எதற்கு வந்தாளோ அது கிடைத்துவிட்டது. பையை மாட்டிக்கொண்டு அடுத்த கொமுட்டரைப் பிடித்தால் திங்கட்கிழமை எஞ்சின்கள் திரும்பி வந்துவிடும். சுகுமாறன் இருந்திருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பான். அடுத்தவர் வீட்டு விஷயம், உனக்கென்ன லா என்றிருப்பான். புனிதாவுக்கோ உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. வீடியோவைப் பார்த்த அன்றைக்குக்கூட இப்படி எரியவில்லை. அன்றைக்கு அந்த மனிதருக்கு விஷயம் தெரியாது. தெரியாமல் பழி போட்டார். இன்றைக்குத் தெரிந்தே போட்டிருக்கிறார், அதுவும் பழி சுமக்கிறவரை எதிரிலேயே நிற்கவைத்துக்கொண்டு. அதில் தன் வேலை சுத்தமென்று வேறு சேர்த்துச் சொல்லியிருக்கிறார். இந்த நற்சாட்சியை எந்த முகத்தோடு வாங்கிக்கொண்டு போவது?

"அங்கிள், சந்தனம் யாரு வெச்சா?"

"உம்மடை பிரச்சினை முடிஞ்சுதுதானே. பிறகென்ன?"

"யாரு வெச்சான்னு கேக்கறேன்."

"இது எங்கட குடும்பத்து விசயம். நீர் போகலாம்."

"குடும்ப விசயத்த முந்நூறு பேருக்கு அனுப்பினது நானா?"

புனிதா தன் போனை எடுத்தாள். குரூப்பைத் திறந்து, ஒலிப்பதிவை அழுத்தினாள். "கிள்ளான் புனிதா பேசுறேன். அங்கிள் வீரசிங்கம் இப்ப சொன்னதுல ஒண்ணு பொய். சந்தனம் வெச்சது ஆன்டி இல்ல. ஒவ்வொரு வெள்ளிக்கெழமயும் குளிச்சிட்டு வந்து அங்கிளே அவர் கையால வெச்சாரு. அந்த வண்டிய ஆன்டி தொட்டதுகூட இல்ல. என்னப் பாத்துச் சிரிச்சவங்க, ஆன்டியப் பாத்துச் சிரிச்சவங்க, இப்ப யாரப் பாத்துச் சிரிக்கணுமோ பாத்துச் சிரிச்சிக்கிங்க."

"அனுப்பப்படாது!" வீரசிங்கம் ஓரடி முன்னால் வந்தார். "அனுப்பினீரெண்டால் உம்மைக் குரூப்பிலையிருந்து தூக்கச் சொல்லுவன். ஒருத்தனும் உம்மட்டை வண்டி தராமல் செய்வன். எனக்கு எல்லாரையும் தெரியும்."

செய்வார். அவரால் முடியும். திங்கட்கிழமை வருகிறேன் என்றவன் வராமல் போவான். புனிதாவின் விரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலே நின்றது. ஆனால் அவள் நிறுத்தியதற்கு அது காரணமில்லை. அவள் ரயிலேறிப் போய்விடுவாள். இந்த வீட்டில் இவரோடு இருக்கப்போவது இன்னொருவர்.

போனை கௌசலாவின் பக்கம் நீட்டினாள். "ஆன்டி, நீங்க சொல்லுங்க. வேணாம்னா அழிச்சிடுறேன். உங்க இஷ்டம்."

"கௌசலா, உள்ளுக்குப் போ" என்றார் வீரசிங்கம்.

கௌசலா தட்டைக் கீழே டைல்ஸ் தரையில் வைத்தார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார். கணவர் பக்கம் திரும்பவே இல்லை.

"இதிலை எதை அமத்திறது பிள்ளை?"

புனிதா காட்டினாள். கௌசலா ஆள்காட்டி விரலை நீட்டி அழுத்தினார். வீரசிங்கத்தின் இடுப்பில் சொருகியிருந்த போன் 'டிங்' என்றது.